கோயா மலையின் நான்கு பருவங்கள்

மலையைத் தெய்வத்தின் உறைவிடமாகக் கொண்டு போற்றுதல் கீழைத்தேய மக்களின் தொன்மையான வழக்கு. குறிஞ்சி நிலத்திற்குச் சேயோனைத் தெய்வமாக வகுத்த தமிழர்க்கும், பருவந்தோறும் சிவனொளிபாத மலைக்கு ஏறும் இலங்கை மக்களுக்கும் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. யப்பானியரும் அத்தகையோரே. அவர்கள் நாட்டில் பெருமை வாய்ந்த புத்த ஆலயங்கள் பல, ஊர்களை விட்டு விலகி, மேகந் தவழும் மலைகளின் நடுவே அமைந்துள்ளன. அவற்றுள் தலைசிறந்தது கோயா மலை. ஆயிரத்திருநூறு ஆண்டுகளாக அணையாது நிற்கும் ஒரு கலைக்கழகம் அது எனினும் பொருந்தும். நம் கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், அம்மலையை நான்கு பருவங்களிலும் கண்டு வருதல் மாணாக்கர்க்குப் பயன்தரும் எனக் கருதி இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

மலையும் அதனைக் கண்டவரும்

ஒசாக்கா நகரின் தெற்கே, கீ என்னும் தீபகற்பத்தின் மலைத்தொடரிலே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீற்றர் உயரத்தில் ஒரு சமவெளி உண்டு. அதனைச் சூழ எட்டுக் கொடுமுடிகள் நிற்கின்றன. எட்டிதழ்த் தாமரையின் நடுப்பொகுட்டுப் போன்றது அச்சமவெளி என்பர் அம்மலையார். இன்று அங்கே 117 ஆலயங்கள் உள. அவற்றுள் ஐம்பதளவில், வருவோர்க்கு உண்டியும் உறையுளும் உதவும் மடங்களாகவும் விளங்குகின்றன. ஒசாக்காவிலிருந்து புகையிரதத்தில் கொக்குராக்குபாசி என்னும் நிலையத்தை அடைந்து, அங்கிருந்து 1930 இல் தொடங்கப்பெற்ற கம்பி இழுவை வண்டியில் ஐந்து நிமிடம் ஏறினால் மலையுச்சி வந்துவிடும். அந்நிலையத்தின் பெயருக்குப் பொருள் ‘பேரின்ப உலகின் பாலம்’ என்பதாம்.

நடந்து ஏறுவோர்க்குப் பழைய வழியும் உண்டு. அடிவாரத்திலுள்ள ஜிசோன்யின் ஆலயத்திலிருந்து மலைமேலுள்ள ஆலய வளாகம் வரை, ஏறத்தாழ 109 மீற்றருக்கு ஒன்றாக 180 கற்றூண்கள் நிற்கின்றன. முதலில் மரத்தாலிருந்த இவை, பதின்மூன்றாம் நூற்றாண்டிலே கல்லால் அமைக்கப்பட்டன. ஏறுவோர் ஒவ்வொரு தூணின் முன்னும் நின்று கைகூப்பிச் செல்லுதல் மரபு.

இம்மலையைக் கண்டவர் கூக்காய் (774–835) என்னும் துறவி. கோபோ தாய்சி என்னும் பட்டப் பெயரால் யப்பானியர் அனைவரும் அவரை அறிவர். அவர் 804 இல் தூதுக் கப்பலிலே சீனம் சென்றார். அன்றைய தலைநகராகிய சாங்கானில் ஹுய்குவோ என்னும் முதிய ஆசிரியரைக் கண்டார். தம் நாள் முடிவதற்குள் தகுதியுள்ள மாணாக்கன் ஒருவன் வரமாட்டானா என்று அவ்வாசிரியர் காத்திருந்ததாகவும், தம்மைக் கண்டதும் பெரிதும் மகிழ்ந்ததாகவும் கூக்காயே எழுதி வைத்துள்ளார். சில மாதங்களுக்குள்ளே தாம் அறிந்தவை அனைத்தையும் மாணாக்கனுக்கு வழங்கிவிட்டு, 805 ஆம் ஆண்டின் இறுதி மாதத்திலே ஆசிரியர் உயிர் நீத்தார். கிழக்கே சென்று இக்கல்வியைப் பரப்புக என்பதே அவருடைய இறுதிக் கட்டளை. இருபதாண்டு தங்குதற்கென்று சென்ற கூக்காய், இரண்டே ஆண்டிற் பணி முடிந்தவராய் 806 இல் நாடு திரும்பினார். 816 இல் சாகா என்னும் பேரரசர் கோயா மலையை அவருக்கு அளித்தார்.

அவர் கொணர்ந்த நெறிக்குச் சிங்கோன் என்பது பெயர். ‘மெய்ம்மொழி’ என்பது அதன் பொருள். மந்திரம் என்னும் வடசொல்லைச் சீனர் அவ்வாறு மொழிபெயர்த்தனர்.

காஞ்சியிலிருந்து கோயாவுக்கு

ஹுய்குவோ இக்கல்வியை யாரிடம் பெற்றார் என்று வினவுவோமாயின், அவ்விடை நம்மை நம்மூர்க்கே அழைத்து வரும். அவருடைய ஆசிரியர் அமோகவச்சிரர் (705–774). அமோகவச்சிரரின் ஆசிரியர் வச்சிரபோதி (671–741). இவ்விருவரையும் சிங்கோன் நெறியார் தம் குருமரபில் வைத்து இன்றும் வணங்குகின்றனர்.

வச்சிரபோதி தென்னிந்தியாவின் மலய நாட்டு அந்தணர் என்று ஒரு சீன வரலாறு கூறும். நாலந்தாவிற் கற்றுத் தெற்கே மீண்ட அவர், காஞ்சியில் மழையின்றி வாடிய காலத்தில் மன்னன் வேண்டுகோட்கிணங்கி மழை வேண்டி வழிபட்டார் என்பது அவ்வரலாற்றுச் செய்தி. அம்மன்னன் பல்லவன் இரண்டாம் நரசிம்மவர்மன். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எடுப்பித்த இராசசிம்மன் அவனே. சிவனடியானாகிய அரசன் புத்த முனிவரைப் போற்றிய செய்தி நாம் நினைந்து மகிழத் தக்கது. வச்சிரபோதி இலங்கைக்கும் வந்தார். அநுராதபுரத்து அபயகிரி விகாரையில் தங்கினார். திருவடிச் சுவடுள்ள மலைக்கும் ஏறி வணங்கினார் என்பர். பின்னர்க் கடல்வழியே சென்று 719 இல் சீனத்துக் கரையை அடைந்தார். அவருடைய மாணாக்கராகிய அமோகவச்சிரர், ஆசிரியர் மறைந்தபின் 741 இல் இலங்கைக்குப் புறப்பட்டு வந்து, இங்கே நூல்களைத் தேடித் தொகுத்து, பெருந்தொகையான ஏடுகளுடன் 746 இல் சீனம் மீண்டார்.

ஆகவே கோயா மலையில் இன்று ஓதப்படும் மந்திரங்களுட் பல, காஞ்சியையும் அநுராதபுரத்தையும் கண்டவர்களின் கைவழியாகச் சென்றவை. இவ்வுண்மையை உளத்திற் கொண்டு அம்மலையைக் காண்போமாக.

இளவேனில்

சமவெளிகளில் ஏப்பிரில் தொடக்கத்திலேயே செர்ரி மலர்ந்து உதிர்ந்துவிடும். கோயா மலையிலோ குளிர் நீங்கத் தாமதமாதலால், ஏப்பிரில் மாதக் கடையிலேதான் அது மலரும். கீழே உதிர்ந்த மலரை மேலே மீண்டும் காண்பதற்கென்றே பலர் ஏறி வருவர்.

835 ஆம் ஆண்டு மூன்றாந் திங்கள் இருபத்தோராம் நாளில் கூக்காய் மறைந்தார். அவர் இறந்தாரென்று மலையார் சொல்வதில்லை. என்றும் நீங்காத யோகநிட்டையில் அமர்ந்துள்ளார் என்பது அவர்தம் துணிபு. 921 இல் தைகோ பேரரசர் அவருக்குக் கோபோ தாய்சி என்னும் பட்டத்தையும் புதிய ஆடையையும் அளித்தார். அந்நினைவாக ஆண்டுதோறும் புத்தாடை படைக்கின்றனர். நாள்தோறும் காலையில் இருமுறை, துறவியர் உணவுப் பெட்டியைச் சுமந்து அவர் அமர்ந்த இடத்துக்குக் கொண்டு செல்வர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூழியம் நடைபெறுகின்றது.

மே மாதம் மூன்று முதல் ஐந்தாம் நாள் வரை மற்றொரு சடங்கு நிகழும். வந்தோரின் கண்களைத் துணியாற் கட்டி, கையிலே மலர் தந்து, நிலத்தில் விரித்த மண்டல ஓவியத்தின்மீது இடுவிப்பர். மலர் எம்மூர்த்தியின்மேல் விழுகிறதோ அம்மூர்த்தியோடு அவர்க்கு உறவு உண்டாயிற்றென்று கொள்வர். கூக்காய் சீனத்திலே இதே சடங்கினை இருமுறை செய்தபோது, இருமுறையும் மலர் நடுவில் வீற்றிருக்கும் மகாவைரோசனர்மேல் விழுந்ததாம். இன்று துறவியர் மாத்திரமன்றிப் பொதுமக்களும் இதிற் கலந்துகொள்ளலாம்.

வேனில்

வேனிற்காலத்தில் ஒசாக்கா வெப்பத்தாற் புழுங்கும். மலையிலே ஐந்தாறு பாகை குறைந்து குளிர்ச்சி நிலவும். அக்காலத்திற் காணவேண்டுவது ஒக்குனோயின் என்னும் இடுகாடு. இடுகாடு என்றதும் அஞ்சற்க. இரண்டு கிலோ மீற்றர் நீளமுள்ள கல் பாவிய வழி. இருபுறமும் நூற்றாண்டுகள் பல கண்ட பெருமரங்கள். அவற்றின் நிழலிலே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நினைவுக் கற்கள். வழியின் முடிவில் கூக்காயின் சமாதி.

ஒருவரையொருவர் எதிர்த்துப் பொருத தாக்கெதா சிங்கென், உயெசுகி கென்சின் என்னும் தலைவர்களின் நினைவிடங்கள் அங்கே அண்மையில் அமைந்துள்ளன. கோயா மலையையே 1581 இல் முற்றுகையிட்ட ஓதா நொபுனாகாவுக்கும் அங்கே இடமுண்டு. 1582 இல் அவரைக் கவிழ்த்த அக்கெச்சி மித்சுகிதேக்கும் இடமுண்டு. கொரியப் போரில் இறந்தோர்க்காக 1599 இல் சிமாசு குலத்தார் நாட்டிய கல் குறிப்பிடத்தக்கது. தம் படையினர்க்கு மாத்திரமன்றிப் பகைவர் படையினர்க்கும் ஒருங்கே நன்மை வேண்டி நாட்டிய கல் அது. தம் தொழிலின் பொருட்டுக் கொன்ற கறையான்களின் நற்கதியை வேண்டி, கறையான் அழிக்கும் தொழிலாளர் நாட்டிய கல்லும் அவ்விடத்திலே காணப்படும்.

அங்குள்ள கற்களிற் பல ஐந்து அடுக்கு உடையவை. அடியில் சதுரம், அதன்மேல் வட்டம், அதன்மேல் முக்கோணம், பின்னர் அரைமதி, உச்சியில் மணிவடிவம். இவை முறையே நிலம், நீர், தீ, வளி, வெளி என்னும் ஐம்பூதங்களைக் குறிக்கும். நம் சித்தாந்த சாத்திரங்களுள் ஒன்றாகிய உண்மை விளக்கம் ஐம்பூதங்களுக்கு வடிவமும் எழுத்தும் கூறுவதைப் பயின்றோர் அறிவர். நிலத்திற்கு நாற்கோணமும் தீக்கு முக்கோணமும் ஈரிடத்தும் ஒன்றே. ஏனையவை வேறுபடும். அக்கற்களின்மேல் இந்திய எழுத்தில் ஐந்து அட்சரங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் நீருக்குரிய வகரமும் தீக்குரிய ரகரமும் நம் நூல் கூறுவனவே. இரு சமயங்களும் ஒரு பழைய ஊற்றிலிருந்து நீர் பருகின என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஓகஸ்ட் 13 ஆம் நாள் மாலை, மக்கள் இவ்வழி நெடுகிலும் ஏறத்தாழ ஓரிலட்சம் மெழுகுவர்த்திகளை ஏற்றி இறந்தோரை நினைவர். நம் கார்த்திகை விளக்கீட்டினை அறிந்தோர் அக்காட்சியை எளிதில் மனத்திற் காணலாம்.

கூதிர்

ஒக்டோபர்த் திங்களின் பிற்பகுதியிலிருந்து நவம்பர்த் தொடக்கம் வரை மேப்பிள் மரங்களின் இலைகள் செந்நிறமும் பொன்னிறமும் கொள்ளும். ஆலய வளாகத்தின் நடுவே செவ்வண்ணந் தீட்டிய பெருந்தூபி, ஏறக்குறைய 48 மீற்றர் உயரத்தில் நிற்கின்றது. 1843 இல் தீயால் அழிந்த அது, 1937 இலேதான் மீண்டும் எழுப்பப்பட்டது. இடையிலே தொண்ணூற்று நான்கு ஆண்டுகள்! எரிந்ததைக் கண்டவர்களுள் எழுந்ததைக் கண்டவர் எவரும் இருந்திரார். எனினும் அம்மக்கள் முயற்சியைக் கைவிட்டாரல்லர்.

கூதிர்க் காலத்தில் மலை முகட்டைச் சுற்றி நடப்பதற்கு ஒரு வழி உண்டு. அதன் அழகைப் புகழுமுன் அதன் வரலாற்றைக் கூறுதல் கடன். நெடுங்காலம் பெண்கள் இம்மலையகத்துட் புகுதல் விலக்கப்பட்டிருந்தது. ஏழு வாயில்களிலும் அவர்க்கெனக் கட்டிய மண்டபங்களில் நின்று, உள்ளே செல்ல இயலாதவராய், முகட்டு வழியே சுற்றிச் சுற்றி நடந்து மர உச்சிகளினூடே தொலைவிலிருந்து வணங்கினர். கூக்காயின் தாயாரும் அடிவாரத்திலேயே தங்கினார் என்றும், மகன் திங்கள்தோறும் ஒன்பது முறை இறங்கி வந்து அவரைக் கண்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. ‘ஒன்பது முறை மலை’ என்னும் பொருள்பட அவ்வூர்க்குக் குதோயாமா என்று பெயர் வந்ததும் அதனாலாம். 1872 இல் அரசாங்கம் அத்தடையை நீக்கியது. அம்மண்டபங்களுள் ஒன்று மட்டும் இன்றும் நிற்கிறது. பக்தியின் பேரால் கதவடைத்தல் எந்நாட்டிலும் உண்டு; அதனைத் திறத்தலும் அந்நாட்டார் கையிலேயே உள்ளது. நம் மாணாக்கர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

முன்பனியும் பின்பனியும்

டிசெம்பர் பிறந்ததும் பனி பொழியத் தொடங்கும். சனவரி, பெப்ரவரித் திங்களிரவுகளில் குளிர் உறைநிலைக்குக் கீழே செல்லும். இக்குளிரே துறவியர்க்கு ஓர் உணவினை அளித்தது. சோயா அவரைப் பாலைத் திரித்துச் செய்த கட்டிகளை இரவிலே வெளியே வைத்து உறையவிட்டு, பின் உலர்த்தி நெடுநாள் வைத்திருப்பர். கோயாத் தோபு என்னும் பெயரால் யப்பான் முழுவதும் வழங்கும் அவ்வுணவு, இப்பொழுது பெரும்பாலும் நாகனோ மாநிலத்துத் தொழிற்சாலைகளிலே செய்யப்படுகின்றது. எள்ளை அரைத்து, ஒரு கொடியின் வேரிலிருந்து எடுத்த மாவுடன் கிண்டிச் செய்யும் களியும் மலைக்குரியது. புலாலும் மீனும் மடத்து உணவில் இல்லை. உள்ளியும் வெங்காயமும் சேர்ப்பதில்லை. நம் சைவ உணவினர் அங்கே தயக்கமின்றி உண்ணலாம்.

பனிக்காலை வழிபாட்டில் நம்மவர் வியக்கத்தக்க காட்சி வேள்வித் தீயாகும். குருக்கள் குண்டத்திலே சமித்து அடுக்கி, மந்திரம் ஓதி, நெய்யும் தானியமும் சொரிவர். இதற்குக் ‘கோமா’ என்று பெயர். நம் ஓமமே இது. சரசுவதி, விநாயகர், இந்திரன், அக்கினி ஆகியோரும் யப்பானியப் பெயர் பூண்டு அம்மரபிலே இடம்பெற்றுள்ளனர்.

சமாதியின் முன்னுள்ள விளக்கு மண்டபத்தில் ஆயிரக்கணக்கான விளக்குகள் எரிகின்றன. அவற்றுள் ஒன்று 1016 முதல் எரிவதாகக் கூறுவர். அதன் வரலாறு இது: 994 இல் இடி வீழ்ந்து ஆலயங்கள் எரிந்தன. துறவியர் மலையை விட்டு இறங்கினர். இருபதாண்டுக்கு மேல் மலை பாழ்பட்டுக் கிடந்தது. 1016 இல் ஜோயோ என்னும் துறவி ஏறி வந்து, ஒரு விளக்கை ஏற்றி, மலையை மீட்கத் தொடங்கினார். ஓதேரு என்னும் ஏழைப்பெண் தன் கூந்தலை விற்று, இறந்த பெற்றோர்க்காக அளித்த விளக்கு அதுவே என்று மக்கள் கதை கூறும். கதையாயினும் ஆகுக. பாழ்பட்ட மலைக்கு ஒருவர் திரும்பி வந்தார் என்பது வரலாறு.

மொழி பயில்வோர்க்கு ஒரு செய்தி

தமிழாசிரியராகிய யாம் இம்மலையை விட்டு இறங்குமுன் மொழியைப் பற்றிச் சிறிது கூறாதிருத்தல் இயலாது. மந்திரங்களைப் பிழையின்றி ஓதுதற்பொருட்டு, யப்பானியத் துறவியர் சித்தம் என்னும் இந்திய எழுத்தைப் பயின்றனர். இந்தியாவில் வழக்கொழிந்த அவ்வெழுத்து யப்பானிய மடங்களில் இன்றும் தூரிகையால் எழுதப்படுகின்றது. கூக்காய் சீனத்திலே பிரச்ஞர் என்னும் இந்தியத் துறவியிடம் வடமொழி கற்றவர். அவருக்குப் பின்வந்த சித்தம் பயின்ற துறவியர், இந்திய ஒலிமுறையைப் பின்பற்றித் தம் எழுத்துக்களை ஒழுங்குபடுத்தினர்.

இன்று யப்பானியக் குழந்தை பயிலும் நெடுங்கணக்கைக் கேளுங்கள்: அ, இ, உ, எ, ஒ. பின்னர்: க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இவற்றுள் ஹகரம் பண்டைக்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பர் மொழிநூலார். அங்ஙனமாயின் வரிசை க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்றாகும். நம் மெய்வரிசையில் யப்பானியர்க்கு வேண்டாத எழுத்துக்களை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது இவ்வரிசையே. ஓரெழுத்தும் இடம் மாறவில்லை. இதனைக் கொண்டு யப்பானியர் தமிழிலிருந்து எழுத்துக் கற்றனர் என்று கூறுதல் தவறாகும். பிறப்பிட முறைப்படி ஒலிகளை வரிசைப்படுத்தும் இந்திய மரபு நமக்கும் அவர்க்கும் பொது என்பதே உண்மை. சங்காராமம் என்பது அவர்தம் வாயிற் ‘காரான்’ என்றும், ஆசாரியர் என்பது ‘அசாரி’ என்றும் திரிந்து வழங்குதலையும் காண்க.

யப்பானிய எழுத்துக்கள் அனைத்தும் ஒவ்வொரு முறையே வருமாறு அமைந்த ‘இரோகா’ என்னும் செய்யுளைக் கூக்காயே இயற்றினார் என்பது செவிவழி வழக்கு. அதன் மொழிநடை அவர் காலத்திற்குப் பிற்பட்டதென்று இக்கால அறிஞர் மறுப்பர். சான்றோரைப் போற்றும் ஆர்வத்தால் அவர் செய்யாதனவற்றை அவர்மேல் ஏற்றுதல் நம்மிடத்தும் உண்டு. அவர் செய்தனவே போற்றுதற்குப் போதுமானவை.

கல்லூரிக்கு ஒரு படிப்பினை

கூக்காய் செய்தவற்றுள் ஒன்றை இறுதியிற் கூறுவோம். 828 இல் அவர் கியோத்தோ நகரில் ஒரு கல்விச்சாலை நிறுவினார். அக்காலத்து அரசாங்கக் கல்லூரி உயர்குடி மைந்தர்க்கே உரியதாயிருந்தது. கூக்காயின் கல்விச்சாலையோ எக்குடிப் பிறந்தார்க்கும் திறந்திருந்தது. ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் அங்கேயே உணவு வழங்க ஏற்பாடு செய்தார். பசித்த வயிற்றோடு கற்றல் இயலாது என்பதை உணர்ந்தவர் அவர். புத்த நூல்களோடு பிற நூல்களும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஆயின் அவர் மறைந்து பத்தாண்டளவில், 845 இல், அது மூடப்பட்டது. ஏற்று நடத்துவாரும் பொருள் உதவுவாருமின்றி அது நின்றுபோயிற்று.

ஒருவரே தொடங்கிய இரண்டனுள், மலை வாழ்ந்தது; பள்ளி மாண்டது. மலையும் ஒருகாற் பாழ்பட்டதே. எனினும் அதனைத் தமதென்று எண்ணித் திரும்பி வர ஒருவர் இருந்தார். பள்ளிக்கு அத்தகையோர் இலராயினர். அதன் பெயரையேனும் மறவாது, 1949 இல் கியோத்தோவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சூட்டினர். இடையே ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் அங்கே படித்திருக்க வேண்டிய ஏழைப் பிள்ளைகளின் தொகையை யார் கணக்கிட வல்லார்?

நிறுவுவோர் ஒரு தலைமுறையினர். நிலைபெறச் செய்வோர் அவர்க்குப் பின்வரும் எல்லாத் தலைமுறையினரும். நம் கல்லூரியை நிறுவிய பெரியோரின் படங்களுக்கு மாலை சூட்டுதல் நன்றே. அவர் விட்டுச்சென்ற பணிக்குத் தோள் கொடுத்தல் அதனினும் நன்று. பழைய மாணவர்களே, நூல்நிலையத்துக்கு ஒரு நூலாயினும், வறிய மாணாக்கன் ஒருவனுக்கு ஓராண்டு உணவாயினும், மாலை வேளையில் ஒரு மணிநேரக் கற்பித்தலாயினும் உங்களால் இயன்றதை உதவுங்கள். மாணாக்கர்களே, உங்களை எதிர்பார்த்து ஆசிரியர் ஒருவர் வகுப்பறையிலே காத்திருக்கின்றார் என்பதை மறவாதீர்கள். தாம் பெற்றதைக் கொடுத்துவிட்டுச் செல்லவே அவர் அங்கு நிற்கின்றார்.

வாழ்க நம் கல்லூரி!